யாருடைய வழக்கு?

ஒரு சமுதாயம் சட்டத்தை எவ்வாறு விளங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அறியச் சட்ட நூல்களைப் புரட்டினால் மட்டும் போதாது. அச்சமுதாயம் எத்தகைய வழக்கறிஞனைக் கண்டு கைதட்டியது, எத்தகைய வழக்கறிஞனைக் கண்டு சிரித்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். தமிழ் மக்களுள் மிகப் பலர் நீதிமன்றத்தின் உட்புறத்தை முதன்முதலிற் கண்டது திரையிலேதான். கறுப்பு அங்கி, சாட்சிக் கூண்டு, நீதிபதியின் சுத்தியல் யாவும் அவர்கள் மனத்திற் பதிந்தமை திரைப்படத்தின் வழியாகவே. ஆகவே திரையில் வாழ்ந்த வழக்கறிஞர்களின் தொழிலையும் உறவுகளையும் ஆராய்வது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. நீதியைப் பற்றி நாம் எவ்வாறு சிந்திக்கப் பழக்கப்பட்டிருக்கிறோம் என்பதை ஆராய்வதே அது.

யாழ்ப்பாணத்தாருக்கு வழக்கு அந்நியப் பொருளன்று. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில், நமது தேசவழமை எழுத்தில் தொகுக்கப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்பன சட்டச் சொற்களே எனினும், கொடிகாமம் சந்தையில் மாம்பழக் கூடையோடு இருக்கும் மூதாட்டிக்கும் அவற்றின் பொருள் தெரியும். வேலி ஒரு முழம் தள்ளிப் போடப்பட்டதற்காகச் சாவகச்சேரி நீதிமன்றுக்குத் தவணை தவணையாகப் பஸ் ஏறி, ஈற்றில் அந்த வேலிக்குள் இருந்த காணியையே வழக்குச் செலவுக்கு ஈடுவைத்த கதைகள் தென்மராட்சியில் ஊர்தோறும் உண்டு. அப்புக்காத்து, பிரக்கிராசி, நொத்தாரிசு என்போர் நம்மிடையே பெருமதிப்போடு வாழ்ந்தனர். தமிழ்க் காங்கிரஸும் தமிழரசுக் கட்சியும் தோன்றியபோது அவற்றின் தலைமையில் இருந்தோரும் வழக்கறிஞரே. 1974ஆம் ஆண்டு முதல் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற பிரிவினை நீங்கி எல்லோரும் சட்டத்தரணிகள் ஆயினர். ஆயினும் வாய்க்கு வாய் வாதாடும் பிள்ளையை நோக்கி, 'இவர் பெரிய அப்புக்காத்து' என்று சொல்லும் பழக்கம் மறையவில்லை. அச்சொல்லில் மதிப்பும் கேலியும் கலந்தே இருக்கின்றன. நமது திரையுலகமும் வழக்கறிஞனை இவ்விரண்டு கண்களாலேயே பார்த்து வந்திருக்கிறது.

மதிப்போடு பார்த்த பார்வையின் உச்சம் 1973ஆம் ஆண்டு வெளிவந்த 'கௌரவம்'. வியட்நாம் வீடு சுந்தரம் எழுதி இயக்கிய இப்படத்தில் சிவாஜி கணேசன் இரு வேடங்களில் நடித்தார். பாரிஸ்டர் ரஜினிகாந்த் ஒரு வேடம், அவர் பிள்ளைபோல் வளர்த்த சகோதரன் மகன் கண்ணன் மற்றொன்று. இப்பெயரைக் கேட்டதும் 1975இல் திரைக்கு வந்த நடிகர் நினைவுக்கு வருவாராதலின், இக்கட்டுரையில் அப்பாத்திரத்தைப் பாரிஸ்டர் என்றே குறிப்போம். படத்திற்கு மூலம் 'கண்ணன் வந்தான்' என்னும் மேடை நாடகம். சென்னைச் சபாக்களில் மாலை நேரத்தில் கூடிய உத்தியோகத்தர்க்கும் அவர்தம் குடும்பத்தினர்க்கும் முன்னால் ஆடப்பட்ட நாடகம் அது. இப்பிறப்பிடத்தை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஏனெனில் பாரிஸ்டரின் துயரம் யாது என்பதை அச்சபையே தீர்மானித்தது எனலாம்.

கதை யாவரும் அறிந்ததே. நகரத்தின் தலைசிறந்த குற்றவியல் வழக்கறிஞர் பாரிஸ்டர். உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவி தம்மை நாடி வரும் என எதிர்பார்த்திருக்கிறார். அது வரவில்லை. அவமதிப்பால் வெகுண்டவர், மனைவியைக் கொன்ற செல்வன் மோகன்தாசின் வழக்கை ஏற்று, தமது வாதத்திறமையால் அவனை விடுதலை செய்விக்கிறார். பின்னர் அதே மோகன்தாஸ் வேறொரு பெண்ணின் மரணத்திற்காகக் கைதாகிறான். மறுபடியும் பாரிஸ்டர் அவனுக்காக எழுகிறார். இம்முறை எதிர்ப்புறத்தில் அரச வழக்கறிஞனாக நிற்பவன் அவர் வளர்த்த கண்ணன். வீடு இரண்டாகிறது. கண்ணன் வெல்கிறான். மோகன்தாஸ் தண்டனை பெறுகிறான். பாரிஸ்டர் தோல்வியைத் தாங்காது உயிர்விடுகிறார்.

சிவாஜியின் நடிப்பைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. புகைக்குழாயும் நடையும் ஆங்கிலம் விரவிய பேச்சுமாக அவர் படைத்துக்காட்டிய பாரிஸ்டரைத் தமிழர் அரை நூற்றாண்டாக மறக்கவில்லை. நாம் வினவுவது வேறு. இந்த மனிதரின் தொழில் யாது? அவருக்கு உண்மையில் உறவினர் யாவர்? இக்கேள்விகளை எழுப்பினால், கதையின் பெயர் சுட்டும் கௌரவத்தின் உட்பொருள் புலப்படும்.

முதலில் தொழிலை நோக்குவோம். பாரிஸ்டருக்கு வழக்காடுதல் ஓர் ஏணி. கீழ்ப்படியிற் கட்சிக்காரர், மேற்படியில் நீதிபதி ஆசனம். அந்த ஆசனம் கிட்டாதபோது அவர் சட்டத்தையே தம் சொந்தப் பகைக்குக் கருவியாக்குகிறார். குற்றவாளியை விடுவித்து, 'என்னைப் புறக்கணித்த நீதிமன்றத்தின் நீதி இவ்வளவுதான்' என்று உலகுக்குக் காட்ட விரும்புகிறார். ஆராய்ந்து பார்த்தால் இஃது ஓர் உத்தியோகத்தரின் கோபம். தமக்குரிய பதவியுயர்வு தம்மிற் குறைந்தவனுக்குப் போயிற்று என்ற மனக்குமுறல் சபா நாடகம் பார்க்கவந்த ஒவ்வொரு கந்தோர்க்காரர் நெஞ்சிலும் இருந்திருக்கும். பாரிஸ்டரின் கர்ச்சனையில் அவர்கள் தம் குரலையே கேட்டனர். அவ்வகையில் இப்பாத்திரம் யதார்த்தமானதே. நடுத்தர வர்க்கத்தின் ஏமாற்றம் இத்துணைக் கம்பீரமான உருவில் தமிழ்த் திரையில் அதற்குமுன் தோன்றியது அரிது.

ஆனால் அந்த ஏமாற்றத்திற்கு விலை கொடுத்தவர் யார்? இங்கேதான் படம் நம் கண்ணை வேறு திசைக்குத் திருப்பிவிடுகிறது. மோகன்தாசின் மனைவி கொல்லப்பட்டாள். அவளுக்குத் தாய் தந்தையர் இருந்தனரா? அவளுக்காக அழுதவர் யார்? கொன்றவன் விடுதலையான அன்று அவர்கள் வீட்டில் என்ன நடந்தது? படத்திற்கு இவற்றிற் சிரத்தை இல்லை. அடுத்து இறந்தவளும் அவ்வாறே. இரு பெண்களின் பிணங்கள் இரு ஆண்களின் மானப் போருக்குக் களமமைத்துக் கொடுக்கின்றன. அதற்கப்பால் அவர்களுக்குக் கதையில் இடமில்லை. கொலை வழக்கு என்று சொல்லப்படும் ஒன்றில் கொலையுண்டவளைக் காட்டிலும் கொலைகாரனின் வழக்கறிஞருடைய மனப்புண் பெரிதாகக் காட்டப்படுமாயின், அதனை நாம் எவ்வாறு நீதியின் கதை என்போம்?

உறவுகளை நோக்கின் இன்னுமொன்று புலனாகும். பாரிஸ்டரின் மனைவியாகப் பண்டரிபாய் நடித்தார். கணவன்பால் அடங்காப் பக்தியும் வளர்த்த பிள்ளைபால் அடக்கவியலாப் பாசமும் கொண்டு, இரண்டுக்குமிடையில் உருகும் பெண் அவள். வீட்டில் நிகழும் வழக்கில் அவளே முதற் சாட்சி. எனினும் அவளை யாரும் சாட்சியாக அழைப்பதில்லை. அவள் கருத்து யாதென எவரும் கேட்பதில்லை. கணவர் செய்வது தவறு என்பது அவளுக்கு விளங்காமலில்லை. விளங்கியும் வாய் திறவாதிருப்பதே அவளது பெருமை என்று படம் எண்ணுகிறது. வாதத்தையே தொழிலாகக் கொண்டவரின் வீட்டில் வாதாடும் உரிமை ஒருவருக்கு மட்டுமே இருந்தது என்பதைக் கதை தன்னையறியாமலே சொல்லிவிடுகிறது. இக்காட்சிகள் நம் தாய்மாரைக் கண்கலங்கச் செய்தமை வியப்பன்று. அவர்கள் அழுதது பாரிஸ்டருக்காக மட்டுந்தானா என்பது சிந்திக்கத்தக்கது.

இனி, இப்படத்தின் நடுவிலே கிடக்கும் முடிச்சுக்கு வருவோம். பல்லாண்டுகளாக இதனைப் பார்த்துக் கைதட்டிய பலர் இம்முடிச்சை அவிழ்த்துப் பார்க்கவில்லை. மோகன்தாஸ் முதற் கொலையைச் செய்தவன், விடுதலையானான். இரண்டாவது மரணமோ அவன் செய்த கொலையன்று. ஆயினும் தண்டனை பெற்றான். அப்படியாயின் கண்ணன் வென்ற வழக்கு எத்தகையது? செய்யாத குற்றத்திற்காக ஒருவனைத் தண்டனைக்கு அனுப்பிய வழக்கு. பாரிஸ்டர் தம் வாழ்க்கையில் நியாயத்தின் பக்கம் நின்று வாதாடிய வழக்கு அது. அதிலேதான் தோற்கிறார், அதிலேதான் சாகிறார். அதனையே படம் தருமத்தின் வெற்றி என்று கொண்டாடுகிறது.

முன்பு தப்பியவன் இப்போது அகப்பட்டான், கடவுள் கணக்கைத் தீர்த்தார் என்று சமாதானம் சொல்வர். புராணத்திற்கு இச்சமாதானம் பொருந்தலாம். நீதிமன்றத்திற்குப் பொருந்தாது. 'இவன் கெட்டவன், ஆகவே இக்குற்றத்தையும் இவனே செய்திருப்பான்' என்று முடிவுகட்டுவது நீதிமுறையின் அடித்தளத்தையே பெயர்ப்பதாகும். எந்தக் குற்றம் சாட்டப்பட்டதோ அந்தக் குற்றம் எண்பிக்கப்பட வேண்டும் என்ற விதி மோகன்தாஸ் போன்ற செல்வர்க்காக ஏற்பட்டதன்று. பணமும் பாரிஸ்டரும் இல்லாதவனுக்கு அதுவன்றி வேறு காவல் இல்லை.

இப்படத்தைப் பார்த்துப் பழகிய மனம் இரண்டு முடிவுகளுக்கு வருகிறது. எதிரிக்காக வாதாடுபவன் பாவி என்பது ஒன்று. அரசுக்காக வாதாடுபவன் தருமவான் என்பது மற்றொன்று. மோகன்தாசுக்காகப் பாரிஸ்டர் பேசியதன் தீமை எங்கே இருக்கிறது? குற்றஞ்சாட்டப்பட்டவனுக்காகப் பேசியதில் இல்லை. பகை தீர்ப்பதற்காகவும் பெருமைக்காகவும் பேசியதில் இருக்கிறது. இவ்வேறுபாட்டைப் படம் நமக்குப் பிரித்துக் காட்டவில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தந்துவிட்டது.

நமது நாட்டு நீதிமன்றத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு 'எதிரி' என்று பெயர். எவனுக்கு எதிரி? முறைப்பாட்டுக்காரனுக்கு எதிர்த்தரப்பினன் என்ற அளவில்தான் அச்சொல் தோன்றியிருக்கும். ஆனால் நம் தலைமுறையின் அனுபவத்தில் அச்சொல் வேறு பொருளும் பெற்றுவிட்டது. 1979ஆம் ஆண்டில் தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. இலங்கையின் சாதாரண சாட்சியச் சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் செல்லாது. இச்சட்டத்தின் கீழோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியாகலாம். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் சுமையும் எதிரியின் தலையிலேயே வைக்கப்பட்டது. விசாரணையின்றிப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்கலாம் என்றிருந்த காலம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது. தனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் கீழ் ஒப்பமிட்டுவிட்டு எதிரிக் கூண்டில் நின்ற இளைஞனைக் கற்பனை செய்ய வேண்டிய தேவை வடக்கிலும் கிழக்கிலும் இல்லை. அவனுக்கும் உலகத்துக்கும் இடையில் நின்ற ஒரே மனிதர் எதிரி தரப்புச் சட்டத்தரணி. அவரை நோக்கி, 'நீ ஏன் இவனுக்காகப் பேசுகிறாய்?' என்று கேட்கப் பழகிய மனம் எத்துணை ஆபத்தானது! கலை நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை நாம் ஆராயவேண்டியது இதற்காகவே.

'கௌரவம்' தனியொரு படத்தின் குறையை உடையதன்று. தமிழ்த் திரையில் நீதிமன்றம் தோன்றிய இடமெல்லாம் ஒரு பொதுப்பண்பு தொடர்ந்து வருவதைக் காணலாம். 1952ஆம் ஆண்டின் 'பராசக்தி'யை எடுத்துக்கொள்வோம். அதிலும் சிவாஜி கணேசனே நாயகன். ஆனால் அங்கே அவர் அங்கியணிந்து வரவில்லை. கூண்டிலே நின்று, தமக்காகத் தாமே பேசினார். பசியையும் அகதி வாழ்வையும் கோயிலிற் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையையும் நீதிமன்றத்தின் முன் வைத்தார். குற்றவாளி எனப்பட்டவன் சமுதாயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினான். அதுவே அக்காட்சியின் வலிமை. ஆனால் அங்கேயும் ஆசனத்தில் இருந்த நீதிபதி அவனுடைய அண்ணன்! சமுதாயத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கு, குடும்பம் ஒன்றுசேர்வதோடு முடிந்துபோயிற்று. இருபத்தோராண்டு கழித்து அதே நடிகர் 'கௌரவ'த்தில் கறுப்பு அங்கியோடு நிற்கிறார். கூண்டில் நிற்பவன் வாய்மூடி நிற்கிறான். கூண்டிலிருந்து அங்கிக்குப் பேச்சு இடம்மாறிய இந்த வரலாறு சிந்திக்கத்தக்கது. எளியவன் தனக்காகப் பேசிய காலம் போய், பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் காலம் வந்தது.

1984ஆம் ஆண்டு வந்த 'விதி'யைக் காண்போம். தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த கதை அது. காதலித்துக் கைவிட்டவன் மீது ஓர் இளம்பெண் வழக்குத் தொடுக்கிறாள். அவளுக்காக வாதாடும் வழக்கறிஞராகச் சுஜாதா வருகிறார். அந்நீதிமன்ற உரையாடல்கள் ஒலிநாடாவாக வந்து, தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளிலும் மணவீடுகளிலும் முழங்கின. ஏமாற்றப்பட்டவள் வெட்கித் தலைகுனிய வேண்டியதில்லை, நீதிமன்றம் ஏறிக் கேட்கலாம் என்ற செய்தி அவ்வாறு பல்லாயிரம் வீடுகளுக்குள் நுழைந்தது. இது சிறிய காரியமன்று. பெண் வழக்கறிஞர் ஒருவர் இத்துணை உறுதியோடு பேசியதை அதற்குமுன் கேளாத செவிகள் கேட்டன. எனினும் கதையமைப்பை உற்று நோக்குக. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குற்றஞ்சாட்டப்பட்டவனின் தந்தை. அவரே முன்னொருகாலத்தில் இப்பெண் வழக்கறிஞரை ஏமாற்றியவருமாவார். ஆக, ஒரு பெண் பிறிதொரு பெண்ணுக்காக வாதாட வேண்டுமானால் அவள் தானும் ஏமாற்றப்பட்டிருத்தல் வேண்டுமென்று கதை கருதுகிறது. நீதியுணர்ச்சியும் கல்வியும் மட்டும் அவளுக்குப் போதிய காரணங்களாகா போலும்!

பராசக்தியில் நீதிபதி அண்ணன், கௌரவத்தில் எதிர் வழக்கறிஞன் வளர்ப்புமகன், விதியில் எதிர் வழக்கறிஞர் பழைய காதலன். தமிழ்த் திரையின் நீதிமன்றம் வீட்டு முற்றத்தின் நீட்சியாகவே இருந்து வந்திருக்கிறது. உறவின்றி வழக்கில்லை, வீட்டுப் பகையின்றி வாதமில்லை. இதற்குக் காரணமும் உண்டு. நிலவுடைமைச் சமுதாயத்தின் பிடியிலிருந்து முற்றாக விடுபடாத மக்கள், முகந்தெரியாத சட்டத்தை நம்புவதற்கில்லை. ஊர்ப் பெரியவர், தாய்மாமன், அண்ணன் என்று முகந்தெரிந்தவர்களிடமே நியாயம் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். கதாசிரியர் அப்பழக்கத்தை அறிந்து அதற்கேற்ப நீதிமன்றத்தை வீடாக்கினார். ஆனால் வீடாக்கிய மாத்திரத்தில், வீட்டில் இருந்த ஏற்றத்தாழ்வுகளும் நீதிமன்றுக்குள் நுழைந்துவிட்டன. அண்ணன் தம்பியற்றவனுக்கு, அந்த வீட்டின் வாசலைத் தாண்டவே உரிமையற்றவனுக்கு, அங்கே வழக்கு ஏது?

மதிப்போடு பார்த்த கண்ணை இதுவரை கண்டோம். கேலியோடு பார்த்த கண்ணையும் ஒரு சிறிது நோக்குவோம். 2008ஆம் ஆண்டு வந்த 'எல்லாம் அவன் செயல்' என்ற படத்தில் வடிவேலு வக்கீல் வண்டுமுருகனாகத் தோன்றினார். படத்தை மறந்தவர்களும் வண்டுமுருகனை மறக்கவில்லை. நம் மாணவர்களிடம் வழக்கறிஞன் ஒருவன் பெயரைச் சொல்லுமாறு கேட்டால் பலர் வாயில் முதலில் வருவது அப்பெயரே. இதனைக் கீழ்த்தரமான நகைச்சுவை என்று ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையாகாது. அங்கியின் கம்பீரத்தையும் அதனுள்ளிருக்கும் வெறுமையையும் ஒருங்கே கண்ட மக்களின் சிரிப்பு அது. தவணை தவணையாக அலைந்தவன், கட்டணம் கட்டிக் களைத்தவன், தன் வழக்கில் என்ன நடக்கிறதென்றே விளங்காமல் வாங்கில் உட்கார்ந்திருந்தவன், இவ்வாறுதான் பழிவாங்க முடியும். பாரிஸ்டர் ரஜினிகாந்தின் கம்பீரத்திற்கு மக்கள் முப்பத்தைந்தாண்டு கழித்து எழுதிய எதிருரை வண்டுமுருகன் எனலாம்.

ஆயினும் அச்சிரிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதே படத்தின் நாயகனும் ஒரு வழக்கறிஞனே. குற்றவாளிகளை நீதிமன்றத்தில் விடுவித்துவிட்டு, வெளியே தன் கையாலேயே கொன்று தீர்க்கும் நாயகன் அவன்! கோமாளிக்குச் சட்டம் தெரியாது, நாயகனுக்குச் சட்டம் தேவையில்லை. இரண்டுக்கும் இடையில் ஏழையின் வழக்கு அநாதையாகக் கிடக்கிறது. சட்டத்தை ஏளனஞ்செய்வது முற்போக்கு என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். சட்டத்தை நம்பாத ஏளனம், துப்பாக்கி ஏந்தியவன் கையில் நீதியை ஒப்படைப்பதில் முடியும். அதன் விளைவு யாதென்பதை இம்மண் கண்டறிந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் ஒரு திருப்பம் 2021ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. த. செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' அவ்வாண்டு வெளிவந்தது. தமிழ்நாட்டில் 1993ஆம் ஆண்டு பொலிஸ் காவலில் உயிரிழந்த ராஜாக்கண்ணுவின் வழக்கே அதற்கு அடிப்படை. உண்மையில் அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் இருளராகக் காட்டப்பட்டார். அவருடைய மனைவிக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் வழக்கறிஞர் கே. சந்துரு. பின்னர் 2006 முதல் 2013 வரை அதே நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். பாரிஸ்டர் எந்த ஆசனத்திற்காக ஏங்கி உயிர்விட்டாரோ அந்த ஆசனத்தில், எளியவர்க்காக வாதாடிய ஒருவர் அமர்ந்தார். கதையினும் வாழ்க்கை சில வேளைகளில் முற்போக்கானது!

திரையில் சூர்யா ஏற்ற சந்துரு பாத்திரத்தை முன்னைய பாத்திரங்களோடு ஒப்பிடுக. இவருக்கு வீட்டில் மனைவி இல்லை, காதலி இல்லை, எதிரே நிற்பவர் உறவினரும் இல்லை. அவருடைய உறவு ஒன்றேயொன்று: கட்சிக்காரியான செங்கேணியோடு உள்ள உறவு. தமிழ்த் திரையில் வழக்கறிஞனுக்கும் வழக்காளிக்கும் உள்ள உறவே கதையின் முதுகெலும்பாக அமைந்தது இங்கேதான். அவர் தொடுப்பது ஆட்கொணர்வு மனு. 'நீங்கள் பிடித்துச்சென்ற மனிதன் எங்கே? கொண்டுவந்து காட்டுங்கள்' என்று அரசை நோக்கிக் கேட்பதே அம்மனுவின் சாரம். கௌரவத்தில் அரச தரப்பு தருமத்தின் தரப்பாயிருந்தது. இங்கே அரசே பதில்சொல்லக் கடமைப்பட்டு நிற்கிறது. நாம் மேலே குறித்த அந்தப் பழைய முடிவுகள் இரண்டும் இங்கே தகர்ந்து போகின்றன.

இப்படத்தில் இரு பெண்களை நாம் தனியே குறிப்பிடுதல் வேண்டும். ஒருத்தி மைத்ரா என்னும் ஆசிரியை. எழுத்தறிவிக்கச் சென்றவள், செங்கேணியின் துயரை அறிந்து அவளை வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்கிறாள். அவள் இல்லாவிடின் வழக்கு இல்லை. மற்றொருத்தி செங்கேணி. பொலிஸ் வாகனத்தில் ஏறி வீடு செல்ல மறுத்து, நிறைவயிற்றோடு அவள் நடக்க, வாகனம் பின்னால் ஊர்ந்து வருகிறது. அக்காட்சியில் உள்ள கௌரவம் பாரிஸ்டரின் மாளிகையில் இருந்த கௌரவத்தினும் உயர்ந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பாரிஸ்டர் பண்டரிபாய்க்கு மறுத்த பேச்சைச் செங்கேணி தன் நடையினாலேயே பேசிவிடுகிறாள்.

எனினும் இப்படத்தையும் குறைகூறாது விடுவதற்கில்லை. நாயகனை உயர்த்துமிடங்களில் அது பழைய வழியிலேயே செல்கிறது. அவர் அங்கி பறக்க நடந்து வருகையில் இசை முழங்குகிறது. அநீதியை எதிர்த்து ஊரில் நின்றவர்கள், முறைப்பாட்டைச் சுமந்து அலைந்தவர்கள், சாட்சி சொல்லத் துணிந்தவர்கள் ஆகியோர் படிப்படியாகப் பின்னணிக்குப் போய்விடுகின்றனர். உண்மை வழக்கில் இடதுசாரி இயக்கத்தினரின் உழைப்பு எத்துணை இருந்தது என்பதை அறிந்தோர் அறிவர். செங்கொடி படத்தில் தெரிகிறது. அதனை ஏந்திய கைகள் போதிய அளவு தெரியவில்லை. தனியொரு வீரன் வந்து நம்மை மீட்பான் என்ற நம்பிக்கையைப் பாரிஸ்டரிடமிருந்து பறித்துச் சந்துருவிடம் கொடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது.

'சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி, அதற்குள் நியாயம் தேடுவது வீண்' என்று தோழர் சிலர் கூறக்கூடும். முதற்கூற்று உண்மையே. அதிலிருந்து இரண்டாவது பிறக்கவில்லை. நமது நாட்டு இடதுசாரி இயக்கத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1937ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று பேசிய பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞரை நாடுகடத்துமாறு ஆள்பதி கட்டளையிட்டார். லங்கா சமசமாஜக் கட்சி அவரைக் காத்தது. ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றம் சென்றது. எச். வி. பெரேரா வாதாடினார். ஆள்பதியின் கட்டளை செல்லாதென்று நீதிமன்றம் தீர்த்தது. அன்று காலனித்துவ ஆட்சியின் சட்டத்தைக் கொண்டே காலனித்துவ ஆட்சியின் கையைத் தடுத்தனர். ஆனால் வழக்கறிஞரின் நாவன்மை ஒன்றே அதனைச் சாதிக்கவில்லை. நீதிமன்றத்திற்கு வெளியே மக்கள் கூட்டங்கூட்டமாகத் திரண்டிருந்தனர். இவ்விரண்டும் சேர்ந்தபோதே சட்டம் அசைந்தது.

அதே மனு நம் தென்மராட்சிக்கும் வந்தது. 1996ஆம் ஆண்டில் நாவற்குழிப் பகுதியில் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போன இளைஞர்களுக்காக, இருபத்தோராண்டு கழித்து 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. அவற்றில் வீரவசனம் இல்லை, பின்னணி இசை இல்லை. முதுமையடைந்த பெற்றோர் உண்டு, மங்கிய புகைப்படங்கள் உண்டு, தவணைத் திகதிகள் உண்டு. அவர்களோடு நின்ற சட்டத்தரணிகளை எந்தத் திரைப்படமும் காட்டவில்லை. அவர்களுடைய தொழிலும் அவர்களுடைய உறவும் அந்தப் பெற்றோரே. எழுதப்பட வேண்டிய கதை இதுவன்றோ!

கொடிகாமத்திலிருந்தும் அயலூர்களிலிருந்தும் சட்டக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகச் சட்ட பீடத்துக்கும் செல்லவேண்டுமென்று கனவு காணும் மாணவர் பலர் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். 'நான் விரும்பும் தொழில்' என்ற தலைப்பில் அவர்கள் எழுதும் கட்டுரைகளில் அங்கியும் வாதத்திறமையும் ஊர் மதிப்பும் இடம்பெறுகின்றன. கட்சிக்காரன் ஒருவன் அக்கட்டுரைகளில் வருவது அரிது. அது பிள்ளைகளின் குற்றமன்று. அவர்கள் கண்ட கதைகளில் அவனைக் காட்டியவர் இல்லை. ஆகவே ஆசிரியர்களாகிய நாம் செய்யவேண்டியதொன்று உண்டு. 'கௌரவம்' போன்ற படங்களை வகுப்பில் பேசுவோம். சிவாஜியின் நடிப்பை வாயாரப் புகழ்வோம். புகழ்ந்தபின் மாணவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். இறந்தவள் யார்? கூண்டில் நிற்பவன் இக்குற்றத்தைச் செய்தானா? வழக்கறிஞர் யாருக்காகப் பேசுகிறார்?

இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய ஒரு பிள்ளை நாளை அங்கி அணியுமாயின், சாவகச்சேரி நீதிமன்ற வாங்கில் உறுதிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் கிழவிக்கு அன்று ஒரு துணை கிடைக்கும். அங்கி அணியாது சாட்சியாகவோ கூண்டிலோ நிற்க நேரினும், அப்பிள்ளை வாய்மூடி நிற்காது.